ஐம்பத்தெட்டுக் கட்டங்கள்

மின்டாரி,
ஏப்ரல் 9

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

தம்பி கிளைவ் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? ஆடுகளுக்குத் தண்ணீர் போதுகிறதா?

போனில் பேசலாம் என்று மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் மெர்வின் அத்தான்தான் எடுத்தார். "யாரு?" என்றார். "நான்தான் அத்தான், கிளைவ்" என்றேன். டொக்கென்று வைத்துவிட்டார். மூன்றாம் தடவை "யாரு" என்றுகூடக் கேட்கவில்லை. அதனால்தான் கடிதம். தபால் பெட்டிச் சாவி இன்னும் உன்னிடம்தானே இருக்கிறது?

அக்கா, நான் மேலவை உறுப்பினர் ஆகிவிட்டேன். எழுதிப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. செவ்வாய்க்கிழமை பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன். தேர்தல் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"மிஸ்டர் ட்ரெகியர், வாழ்த்துகள். ஆறாவது இடம் உங்களுக்கு."

"ஆறாவதா வந்தா என்னம்மா குடுப்பீங்க?"

"சார், உங்க வட்டாரத்துல ஆறு பேரைத்தான் எடுக்கறோம். நீங்க ஜெயிச்சுட்டீங்க."

"அப்ப நாளைக்கு பஸ்ஸை யாரு ஓட்டறது?" என்று கேட்டேன்.

எனக்கு விழுந்த ஓட்டு நூற்று இருபத்தேழு. நாற்பத்தெட்டாயிரம் பேர் ஓட்டுப் போட்டதில் நூற்று இருபத்தேழு! அத்தானுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு. உங்கள் யார்லகின் ஹால் சாவடியில் எனக்கு எத்தனை தெரியுமா? பூஜ்யம். கோபமில்லை, புருஷன் நிற்கும்போது தம்பிக்கா போடுவாய்?

ஓட்டுச் சீட்டில் நடுவே ஒரு கோடு, மேலே கட்சிகள், கீழே ஆட்கள். கோட்டுக்கு மேலே ஒரே ஒரு கட்சிக்கு ஒன்று என்று போட்டுவிட்டு எல்லோரும் வாசலில் சாசேஜ் ரொட்டி வாங்கப் போய்விடுகிறோம். மிச்சம் ஐம்பத்தேழு பேருக்கு எண் போடுவது நாமில்லை, கட்சிக்காரன் முன்கூட்டியே அலுவலகத்தில் கொடுத்த பட்டியல். நம் ஆள் தோற்றால் நம் ஓட்டு அந்தப் பட்டியல்படி அடுத்தவனுக்குத் தாவும். இது எனக்கும் தெரியும். ஆனால் மின்டாரிக்கு ஒரு பல் டாக்டர் வேண்டும் என்று நின்றவன் நான். குறடால் என் கடைவாய்ப் பல்லை நானே பிடுங்கிக்கொண்ட கதைதான் என் மொத்தப் பிரசாரமும். யார் யாருடைய ஓட்டு என்னிடம் தாவியது, ஏன் தாவியது என்று தெரியாமல் எனக்குத் தலை வெடிக்கிறது. எண்ணிக்கைத் தாள்களைக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு ஓட்டும் வந்த வழியைப் பார்க்காமல் விடமாட்டேன்.

நான் எந்தத் தில்லுமுல்லும் பண்ணவில்லை என்று அத்தானிடம் சொல். ஈஸ்டருக்கு வரட்டுமா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
கிளைவ்


யார்லகின்,
ஏப்ரல் 21

அன்புள்ள கிளைவ்,

கடிதம் கிடைத்தது. இங்கே இரண்டு பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். முழங்கால் படியேறும்போது மட்டும் கத்துகிறது. நீ வேளைக்குச் சாப்பிடு. பொரித்த உருளைக்கிழங்கு சாப்பாடு ஆகாது.

ஜெயித்ததற்கு வாழ்த்து. இதைச் சத்தமாகச் சொல்ல இந்த வீட்டில் இடமில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஈஸ்டருக்கு வராதே. மெர்வின் எண்ணிக்கைத் தாளைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறார். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் படிக்கிறார். மற்றவர்கள் ஓட்டெல்லாம் உன்னிடம் தாவிச் சேர்ந்ததில், உன்னைவிடப் பதினொரு ஓட்டு குறைவு என்று அவரை வெளியேற்றினார்கள். அதோடு விட்டார்களா? அவருடைய ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு ஓட்டும் அப்படியே உன் மடியில் போய் விழுந்தது. அவருடைய தானிய விவசாயிகள் கட்சிக் கூட்டத்தில் உனக்குக் கடைசி எண், ஐம்பத்தெட்டு, என்றுதான் முடிவு பண்ணினார்கள். அலுவலகத்துக்குப் போன பட்டியலில் உன் பேருக்கு எதிரே இரண்டு என்று இருக்கிறது.

பட்டியலில் கையெழுத்து செயலாளர் டெஸ்மண்டுடையது. போன வாரம் ஹாலில் எல்லோர் முன்னாலும் அவரை எழுப்பிவிட்டுக் கேட்டார்கள்.

"எப்படிய்யா அம்பத்தெட்டு ரெண்டாச்சு?" என்று மெர்வின் கத்தினார்.

"கை தவறிடுச்சு மெர்வ்" என்றார் டெஸ்மண்ட். செயலாளர் பதவியை விட்டுவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாற்பது வருஷமாக இரண்டு பேரும் ஒருவர் வயலில் ஒருவர் அறுவடை பண்ணிக் கொடுத்தவர்கள்.

வீட்டுக்கு வந்து மெர்வின் சொன்னது இது: "உன் தம்பி பீர் வாங்கிக் குடுத்து அவனைக் கவுத்துட்டான். இனிமே அவன் கால் என் வாசல்ல படக்கூடாது." நான் அடுப்படிக்குத் திரும்பிவிட்டேன். அடுப்பில் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது.

மழையைக் காணோம். விதைப்புக்கு எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். நகரத்துக்குப் போகும்போது நல்ல கோட்டு ஒன்று வாங்கிக்கொள்.

அன்புடன்,
வெர்னா


நகரம்,
மே 30

அன்பு அக்கா,

இங்கே சுகம். கோட்டு வாங்கிவிட்டேன். கை கொஞ்சம் நீளம், மணிக்கட்டை மறைக்கிறது. மழை பெய்தது என்று வானொலியில் கேட்டேன், உங்கள் பக்கமும் பெய்ததா?

மேலவையில் சிவப்புத் தோல் நாற்காலிகள். எனக்குத் தூணுக்குப் பின்னால் இடம். அவைத் தலைவர் முகம் தெரிய வேண்டுமென்றால் கழுத்தை நீட்ட வேண்டும். பதவி ஏற்றபோது எனக்கு முன்னால் போனவர் எண்பதாயிரம் பேர் ஆதரவில் வந்தவராம். அவரே சொல்லிக்கொண்டார். என்னைப் பார்த்து "நீங்க?" என்றார். "நூத்தி இருபத்தேழு" என்றேன். ஆயிரம் என்று நான் சேர்த்துச் சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தார் பாவம்.

எண்ணிக்கைத் தாள்கள் வந்துவிட்டன. படுக்கையில் பரப்பிவைத்து நாவல் படிப்பது போலப் படிக்கிறேன். முதலில் 'கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றாதே' கட்சி தோற்றது, முந்நூற்றுச் சொச்சம் ஓட்டு எனக்கு. பிறகு கேரவான் பயணிகள் கட்சி. பிறகு பழைய கார் ஆர்வலர்கள். இவர்களையெல்லாம் ஆர்மண்ட் பாஸ்க் என்று ஒரு ஆள் ஒரு மதுக்கடையின் பின்னறையில் உட்கார வைத்து, "நீ அவனுக்கு ரெண்டு போடு, அவன் உனக்கு ரெண்டு போடுவான்" என்று மாற்றிவிட்டான். நானும் ஒரு நாள் போனேன், மறைக்கவில்லை. ஆனால் அத்தான் கட்சிக்காரர் யாரும் அங்கே வரவில்லை. டெஸ்மண்டை நான் வாழ்க்கையில் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன், இரண்டும் யாரோ செத்த வீட்டில்.

என் சொந்த ஓட்டுக்காரர்களையாவது பார்ப்போம் என்று கிளம்பினேன். வில்காரா சாவடியில் எனக்கு மூன்று ஓட்டு, மூன்று பேரையும் கண்டுபிடித்துவிட்டேன். அங்கே பெட்ரோல் கடையில் இருந்த அம்மாவிடம் விசாரித்தேன்.

"ஓ, அது நீங்கதானா? பேரெல்லாம் பாக்கலைங்க. அன்னிக்குப் பல்லு வலி உசுரு போச்சு. சீட்டுல பல்லுன்னு இருந்துச்சு, போட்டேன்."

"இப்ப வலி எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு. நீங்க என்ன பண்றீங்க அங்க?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் ஒரு விஷயம் அக்கா. அந்த அம்மா என்னைத்தான் நினைத்துப் போட்டார். அத்தானுக்குப் போட்ட ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு பேரில் ஒருத்தர்கூட என்னை நினைத்திருக்க மாட்டார்கள்.

இந்தப் பட்டியல் முறையையே எடுத்துவிட வேண்டுமா என்று ஆராய ஒரு குழு போட்டிருக்கிறார்கள். ஐந்து பேர். என்னையும் போட்டுவிட்டார்கள். இந்த முறையால் ஜெயித்தவன் ஒருத்தன் இருக்கட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ.

ஒன்று கேட்கிறேன். டெஸ்மண்ட் ஏன் எனக்கு இரண்டு போட்டார்? கை தவறினால் ஐம்பத்தெட்டு ஐம்பத்தேழு ஆகலாம். இரண்டு எப்படி ஆகும்? உனக்கு ஏதாவது தெரியுமா?

உன் தம்பி,
கிளைவ்


யார்லகின்,
ஜூன் 27

அன்புள்ள கிளைவ்,

எல்லோரும் நலம். மழை பெய்தது, இருபத்திரண்டு மில்லிமீட்டர். மெர்வின் பதினைந்து நாள் டிராக்டரை விட்டு இறங்கவில்லை. கோதுமை முளைத்துவிட்டது. கோட்டுக் கையை உள்ளே மடித்து நான்கு தையல் போட்டால் சரியாகிவிடும். அதற்காகத் தையற்காரனிடம் போகாதே.

பழைய கறுப்பு நாய் செத்துப்போனது. வேலியோரம் புதைத்தோம். குட்டி நாய் ஒன்று வந்திருக்கிறது, ஒன்றுக்கும் உதவாது, செருப்பை மட்டும் நன்றாக மேய்க்கிறது.

டெஸ்மண்ட் இப்போது பந்து உருட்டும் கிளப்புக்கு வருவதில்லை. சனிக்கிழமை நான் போனபோது அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் யாரோ கோட்டைப் போட்டு வைத்திருந்தார்கள். "அவன் கண்ணு போச்சு, புத்தியும் போச்சு" என்று ஒருத்தன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நான் லாமிங்டன் கேக் தட்டை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நடந்தது நடந்துவிட்டது. நீ எதற்கு இதைக் கிளறிக்கொண்டிருக்கிறாய்? சின்ன வயதிலும் இப்படித்தான், வானொலியைப் பிரித்துப் போட்டுவிட்டுத் திருப்பி மாட்டத் தெரியாமல் முழிப்பாய். போ, போய்ப் பல் டாக்டரைக் கொண்டுவா.

நம் ஊர் ஜூன் குளிர் இந்த வருஷம் அதிகம். காதை மூடிக்கொள்.

அன்புடன்,
வெர்னா


நகரம்,
ஜூலை 20

அன்பு அக்கா,

நலம். நாய் செத்ததற்கு வருத்தம். அது என்னைக் கடித்த நாய்தான், இருந்தாலும் வருத்தம்.

திட்டாதே, டெஸ்மண்டைப் போய்ப் பார்த்தேன். உங்கள் வீட்டுத் திருப்பத்தில் காரை மெதுவாக்கினேன், உள்ளே வரவில்லை. தூரத்தில் உன் துணிக்கொடி தெரிந்தது.

மனுஷன் எலுமிச்சை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கண்ணில் புரை முற்றிவிட்டது, நான் பக்கத்தில் போன பிறகுதான் ஆளை அடையாளம் தெரிந்தது.

"நீதான் அந்தப் பல்லுக்காரனா?"

"ஆமாங்க. ஒண்ணு கேக்கணும். எனக்கு ஏன் ரெண்டு போட்டீங்க?"

"கை தவறிடுச்சு."

"பொய் சொல்றீங்க."

"ஆமா" என்றார். "எலுமிச்சம்பழம் வேணுமா?"

அக்கா, இப்படி ஒரு மனுஷனை நான் பார்த்ததில்லை. பொய் என்று அவரே ஒத்துக்கொள்கிறார், உண்மையை மட்டும் சொல்லமாட்டேன் என்கிறார். "உங்களை ஊரே சிரிக்குதாமே" என்றேன். "சிரிச்சா சிரிக்கட்டும். எனக்கு எழுபத்தாறு ஆச்சு, எனக்கு எதுக்கு நல்ல பேரு? வேற யாருக்காவது அது தேவைப்படும்" என்றார். பை நிறைய எலுமிச்சை கொடுத்து, பையின் மேலேயே தன் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தார்.

குழுவில் இரண்டு பேர் பட்டியல் முறை வேண்டாம் என்கிறார்கள், இரண்டு பேர் வேண்டும் என்கிறார்கள். ஐந்தாவது நான். பாஸ்க் என் அறைக்கே வந்துவிட்டான். "மிஸ்டர் ட்ரெகியர், பட்டியல் போச்சுன்னா நீங்களும் போச்சு. நூத்தி இருபத்தேழு ஓட்டை வச்சுக்கிட்டு நாய் லைசென்ஸ்கூட வாங்க முடியாது" என்றான். சொன்னது நியாயம்தான். எனக்கும் இந்த வேலை பிடித்துப்போய்விட்டது, பொய் சொல்வானேன். மின்டாரிக்குப் பல் டாக்டரோடு ஒரு பல் வண்டி அனுப்பச் சொன்னால் அமைச்சர் இப்போதுதான் காது கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்.

டெஸ்மண்ட் கதையை அவையில் சொல்லலாம் என்று இருக்கிறேன். ஒரு கிழவரின் கை தவறினதால் ஒருத்தன் மேலவைக்கு வந்தான் என்றால் நாடே சிரிக்கும், முறையும் மாறும். அதற்கு முன்னால் அசல் படிவத்தைப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன்.

அன்புடன்,
கிளைவ்


நகரம்,
ஆகஸ்ட் 16

அன்பு அக்கா,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. முழங்கால் சரியாக இருக்கிறதென்று நம்புகிறேன்.

செவ்வாயன்று அசல் படிவத்தைக் காட்டினார்கள். ஐம்பத்தெட்டுக் கட்டங்கள், அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை. அழகான கையெழுத்து.

அப்பா தானியக் கிடங்கில் எடைமேடைக் குமாஸ்தாவாக இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். லாரிச் சீட்டில் ஒன்றும் ஏழும் குழம்பினால் ஒரு விவசாயியின் கோதுமையே மாறிப்போகும் என்று ஏழுக்கு நடுவில் குறுக்கே ஒரு கோடு போடுவார். நம் இரண்டு பேருக்கும் எண் எழுதப் பழக்கியபோது அந்தக் கோட்டையும் சேர்த்துப் பழக்கினார். நான் விட்டுவிட்டேன். நீ இன்றைக்கும் உறையின் மேல் எழுதுகிற அஞ்சல் எண்ணில் அப்படித்தான் போடுகிறாய்.

படிவத்தில் ஏழு, பதினேழு, இருபத்தேழு என்று ஐம்பத்தேழு வரைக்கும் ஆறு இடத்தில் ஏழு வருகிறது. ஆறிலும் கோடு இருக்கிறது. எலுமிச்சைப் பையில் டெஸ்மண்ட் எழுதிக் கொடுத்த நம்பரை எடுத்துப் பார்த்தேன். அதில் கோடு இல்லை.

டெஸ்மண்ட் கதையை அவையில் சொல்லப் போவதில்லை. குழுவிலும் வாயைத் திறக்கமாட்டேன். நீ எனக்கு ஒன்றும் எழுத வேண்டாம். இனி இதைப் பற்றிக் கேட்கவும் மாட்டேன்.

கடுகு வயல்கள் பூத்திருக்குமே. உடம்பைப் பார்த்துக்கொள்.

கிளைவ்


யார்லகின்,
செப்டம்பர் 29

மேலவைத் தேர்தல் முறை ஆய்வுக் குழுவின் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுமக்கள் கருத்து எழுதி அனுப்பலாம் என்று செய்தித்தாளில் பார்த்தேன். அதன்படி இதை எழுதுகிறேன். என் பெயர் வெர்னா பிளெவின். தானிய விவசாயிகள் கட்சி வேட்பாளர் மெர்வின் பிளெவின் என் கணவர். உங்கள் குழுவில் இருக்கும் கிளைவ் ட்ரெகியர் என் தம்பி.

கட்சியின் விருப்பப் பட்டியலை நிரப்பியது செயலாளர் டெஸ்மண்ட் அல்ல, நான். அவருக்குக் கண்ணில் புரை. படிவத்தை என் சமையலறைக்குக் கொண்டுவந்து, "நீ எழுதும்மா, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். கூட்டத்தில் முடிவான வரிசையை வாசித்தும் காட்டினார். பிறகு கட்டத்தைத் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். என்னை நம்பினார்.

என் தம்பி பெயருக்கு எதிரே ஐம்பத்தெட்டு என்று எழுத வேண்டியிருந்தது. எழுதப் போனேன். பேனா போகவில்லை. நாங்கள் இரண்டே பேர், அம்மா சீக்கிரம் போய்விட்டார். அவனை ஊரிலேயே கடைசி ஆள் என்று என் கையால் எழுத எனக்கு மனம் வரவில்லை. இரண்டு என்று எழுதினேன். இரண்டில் இருக்க வேண்டியவரை ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினேன்.

இது ஏமாற்று என்று அப்போது நினைக்கவில்லை. என் கணவர் ஜெயிப்பார் என்று நிச்சயமாக நம்பினேன். அவர் ஜெயித்தால் அவருடைய ஓட்டு அவரிடமே நிற்கும், இரண்டாம் எண்ணை யாரும் தொடவே மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். கணக்கு தப்பிவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு பேர் ஆளுக்கு ஒரு கட்டத்தில் ஒன்று என்று போட்டார்கள். மிச்சம் ஐம்பத்தேழையும் அவர்களுக்காக நான் போட்டேன், பக்கத்தில் ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தபோது. அவர்கள் யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் அவர்களைக் கேட்கவில்லை. ஒரு பொம்பளையின் பாசத்துக்கு இவ்வளவு பலம் இருக்கக்கூடாது. அவரவர் எண்ணை அவரவர் போடட்டும்.

டெஸ்மண்ட் என் குடும்பத்தில் சண்டை வரக்கூடாது என்று ஆறு மாதமாகப் பழியைச் சுமக்கிறார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. இது எல்லோருக்கும் தெரிய வேண்டும். என் பெயரை மறைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வெர்னா பிளெவின்


நகரம்,
அக்டோபர் 10

அன்பு அக்கா,

நாற்பத்தோராம் எண் மனு. காலையில் கட்டோடு என் மேஜைக்கு வந்தது. உன் பெயரைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். குழுச் செயலாளர் வந்து "உடம்பு சரியில்லையா சார்?" என்று கேட்கும் அளவுக்கு அழுதேன்.

ஐம்பத்தெட்டு என்று எழுதியிருக்கலாமே, அக்கா. நான் தாங்கியிருப்பேன். பள்ளியில் ஓட்டப் பந்தயத்திலேயே நான் கடைசிதானே.

வெள்ளிக்கிழமை மனுக்களை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப் போகிறார்கள். நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெயரை மறைக்கும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன், விதியில் இடம் இருக்கிறது. அத்தானுக்குத் தெரியுமா? தெரிந்தால் என்ன ஆகும்? எனக்குப் பயமாக இருக்கிறது. என்னை வீட்டுக்குள் விடாததாவது போகட்டும், உன்னை அந்த வீட்டில் எப்படி நடத்துவார்?

உடனே எழுது. இல்லை, போன் பண்ணு.

கிளைவ்


யார்லகின்,
அக்டோபர் 23

அன்புள்ள கிளைவ்,

நலமாக இருக்கிறேன். பயப்படாதே, நான் இன்னும் என் படுக்கையில்தான் தூங்குகிறேன். உன் கடிதம் வந்து சேர்ந்தபோது வெள்ளிக்கிழமை போய்விட்டது. முன்னால் வந்திருந்தாலும் பெயரை மறைக்கச் சொல்லியிருக்க மாட்டேன்.

மனுவின் நகல் ஒன்று வைத்திருந்தேன். தபாலில் போட்ட அன்றைக்கே அதைக் குளிர்பெட்டிக் கதவில், எண்ணிக்கைத் தாளுக்கு மேலே, அதே காந்தத்தை வைத்து ஒட்டிவிட்டேன். வாய் திறந்து சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மெர்வின் பால் எடுக்க வந்தார்.

"இதென்ன?"

"படிங்க."

பால் புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றபடி படித்தார். படித்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். நான் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன், ஒரே தட்டை.

"நான் டெஸ்ஸை எல்லார் முன்னாடியும் எழுப்பிக் கேட்டேனே வெர்னா."

"ஆமா."

"நீ அங்கதான் உக்காந்திருந்தே."

"ஆமா. உக்காந்திருந்தேன்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. தாளில் ஒரு வரியைக் காட்டி, "இதுல எழுதியிருக்கியே, நான் ஜெயிப்பேன்னு. நெஜமாவே நெனச்சியா?" என்று கேட்டார்.

"நெனச்சேன்."

"வேற ஒருத்தனும் நெனைக்கல. நானே நெனைக்கல" என்றார்.

புட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு டெஸ்மண்ட் வீட்டுக்குப் போனார். சாப்பாட்டு வேளைக்குத்தான் வந்தார், ஒரு பை எலுமிச்சையோடு. என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை டெஸ்மண்டைத் தன் வண்டியிலேயே கிளப்புக்கு ஏற்றிக்கொண்டு போய், அந்த நாற்காலியில் இருந்த கோட்டை எடுத்துத் தரையில் போட்டார்.

கிளப்பில் சில பெண்கள் என்னோடு பேசுவதில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

என்னோடு மெர்வின் பேசுகிறார், குறைவாக. உன் பேரை எடுக்கவில்லை. எண்ணிக்கைத் தாள் மட்டும் கதவில் இல்லை. கிறிஸ்துமஸுக்கு வா என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை, பொறுத்துக்கொள்.

எனக்காக ஓட்டுப் போடாதே. உனக்கு எது சரியோ அதற்குப் போடு.

அன்புடன்,
வெர்னா


நகரம்,
டிசம்பர் 3

அன்பு அக்கா,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். அறுவடை பாதி முடிந்திருக்கும்.

முடிந்துவிட்டது. குழுவில் மூன்றுக்கு இரண்டு. நேற்று அவையிலும் நிறைவேறியது. இனி கட்சிப் பட்டியல் கிடையாது. ஓட்டுப் போடுகிறவர்தான் ஒன்று, இரண்டு, மூன்று என்று தன் கையால் எண் போட வேண்டும். போடாத இடத்துக்கு ஓட்டுத் தாவாது.

பேச என்னை எழுப்பினார்கள். எழுதி வைத்திருந்த தாளைத் தூணுக்குப் பின்னாலேயே விட்டுவிட்டேன். "நூத்தி இருபத்தேழு பேர் என்னைத் தேர்ந்தெடுத்தாங்க. அவங்கள்ல மூணு பேரை நேர்ல பாத்தேன், நல்ல மனுஷங்க. மத்த ஆயிரக்கணக்கான பேருக்கு நான் யாருன்னே தெரியாது. அவங்க ஓட்டை அவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துடலாம்" என்றேன். அவ்வளவுதான். எண்பதாயிரக்காரர் மட்டும் மேஜையைத் தட்டினார். உன் மனுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இருக்கிறது, படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

வெளியே வந்ததும் பாஸ்க், "உங்க நாற்காலியை நீங்களே தூக்கி வெளிய போட்டுட்டீங்களே" என்றான். ஆனாலும் அடுத்த தேர்தலிலும் நிற்பேன். உண்மையில் எனக்கு எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

பல் வண்டி பிப்ரவரியிலிருந்து மாதம் இரண்டு நாள் மின்டாரிக்கும் வில்காராவுக்கும் வரும். பெட்ரோல் கடை அம்மாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

பண்டிகை வாழ்த்துகள், அத்தானுக்கும் சேர்த்து. அவரிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

கிளைவ்


யார்லகின்,
மார்ச் 20, அடுத்த தேர்தல் முடிந்த வாரம்

அன்புள்ள கிளைவ்,

நலம். முழங்காலுக்கு அறுவை சிகிச்சை செய்த பிறகு படிகூட ஏறுகிறேன். இந்த நான்கு வருஷமும் நீ எழுதியதற்கெல்லாம் ஒரே பக்கத்தில் பதில் எழுதி முடித்துவிடுவேன். இன்றைக்கு இரண்டு பக்கம் எழுதப் போகிறேன், உட்கார்ந்து படி.

நீ தோற்றுவிட்டாய் என்று வானொலியில் சொன்னார்கள். முந்நூற்று நாற்பத்தொன்று. போன தடவையைப் போல இரண்டரை மடங்குக்கு மேல், அதுவும் எல்லாம் உன் சொந்த ஓட்டு. வருத்தப்படாதே என்று சொல்லமாட்டேன், கொஞ்சம் வருத்தப்படு, பிறகு சாப்பிடு.

இந்த முறை மெர்வின் நிற்கவில்லை. ஹால் வாசலில் வெங்காயம் வதக்குகிற வேலை அவருக்கு. அதற்கு முன்னால் உள்ளே ஓட்டுப் போடப் போனார். எல்லோரும் கோட்டுக்கு மேலே ஐந்தாறு எண் போட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தோம். இவர் வரவில்லை. எட்டிப் பார்த்தால் கோட்டுக்குக் கீழே ஒவ்வொரு பேராக எண் போட்டுக்கொண்டிருக்கிறார். இருபது நிமிஷம். பின்னால் வரிசை வாசல்வரைக்கும் வந்துவிட்டது.

"இன்னுமா முடியல மெர்வ்? பரீட்சையா எழுதறே?" என்று டெஸ்மண்ட் கத்தினார். அவருக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறது, எல்லோரையும் வம்புக்கு இழுக்கிறார்.

"எல்லாத்தையும் நானே போடறேன். இந்தத் தடவை வேற ஒருத்தர் கையில குடுக்கறதா இல்ல" என்றார் மெர்வின். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான்கு வருஷத்தில் முதல் தடவையாக அதைச் சொல்லிச் சிரித்தார்.

சாயங்காலம் ஹாலிலேயே எண்ணினார்கள். மொத்தம் அறுபத்தோரு சீட்டு. எண்ணுகிற பெண் ஒவ்வொரு பேராக வாசித்தாள். "ட்ரெகியர், மூணு" என்றாள்.

ஒன்று நான். ஒன்று டெஸ்மண்ட், அவர் காலையிலேயே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். மூன்றாவது யார் என்று ஹாலில் இருந்த எல்லோரும் மெர்வினைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கரண்டியில் ஒட்டியிருந்த வெங்காயத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வருகிற வழியில் வண்டியில் கேட்டார், "உன் தம்பிக்கு லாரி ஓட்ட வருமா?"

"பஸ்ஸே ஓட்டினவன்."

"விதைப்புக்கு ஆள் வேணும். இப்ப அவனுக்கும் வேலை இல்லையே. வரச் சொல்லு."

நான் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன், கண் கலங்கியது தெரியக்கூடாது என்று. வாசலில் வண்டியை நிறுத்தும்போது இன்னொன்றும் சொன்னார். "அந்தக் கூச்சல் போடற கதவுக்கு எண்ணெய் விடணும். ரொம்ப நாளா யாரும் முன்வாசல் வழியா வரல."

இதோ, நான் எழுதிக்கொண்டிருக்கும்போது எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறார். நீ செவ்வாய்க்கிழமைக்குள் வா.

காத்திருக்கும்,
வெர்னா